நாலு காய்ப்பு வயசும் நாலு டாக்டர்களும்

புளி வியாபாரத்துல இருக்கறவன் ஒரு கைப்பிடி அள்ளி அமுக்கிப் பார்த்தா போதும், புதுசா பழசா, ஈரமா காய்ஞ்சதான்னு சொல்லிடுவான். டாக்டரை அப்படி அமுக்கிப் பார்க்க முடியறதில்லை, அதுதான் என் கஷ்டம். நாய் வளர்க்கிற என் சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும்.

மலை மேல ஜமுனாமரத்தூர் பக்கம் எங்க புளிக் களத்துக்குக் காவல் எங்க நாய் ராணிதான். குரங்கு, ஆடு, பக்கத்துக் களத்து ஆளு, யாரையும் உள்ள விடாது. இத்தனை நாள்ல அதைக் கயித்துல கட்டினதே இல்லை. நாங்க தின்ற சாமைச் சோறு, கேவுரு களிதான் அதுக்கும். இது என் நாய் வளர்ப்புக் கொள்கை. எங்க மாட்டாஸ்பத்திரியில இருந்த பழைய டாக்டருக்கும் இதே கொள்கைதான். அவர் மாத்தலாகிப் போன மாசமே ராணி வயித்துல, காம்புக்குப் பக்கத்துல நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. கையை வச்சுப் பார்த்ததும் புது டாக்டர் தேட ஆரம்பிச்சேன்.

மாடுங்க நடுவுல

மாட்டாஸ்பத்திரிக்கு வாரத்துல ரெண்டு நாள் வேற ஊர் டாக்டர் வர்றார்னாங்க. போனேன். எனக்கு முன்னாடி பதினோரு மாடு, ஆடுங்க எத்தனைன்னு எண்ணல. ராணிக்கு மாட்டைக் கண்டா ஆவாது. அது குலைச்ச குலைப்புல ஒரு சினை மாடு கயித்தை அறுத்துக்கிட்டு ஓட, மாட்டுக்காரர் என் வம்சத்தையே இழுத்து வச்சுப் பேசினார்.

டாக்டர் தோள் வரைக்கும் கையுறை போட்டு இன்னொரு மாட்டுக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தார். அங்கிருந்தே கழுத்தைத் திருப்பிச் சொன்னார்: "ஐயா, கட்டின்னா கீழ போய் நாய் பார்க்கற டாக்டரைப் பாருங்க. மொதல்ல அதை வெளிய இழுத்துட்டுப் போங்க, என் கை உள்ள மாட்டிக்கிட்டு இருக்குது!"

கண்ணமங்கலத்துக் கண்ணாடிக் கதவு

புளி ஏத்திப் போற மினி லாரியிலயே ராணியையும் ஏத்திக் கண்ணமங்கலம் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி. டாக்டர் சின்ன வயசு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கிட்டே கேட்டார். "வயசு?" நாங்க எப்பவும் சொல்றாப்பல "நாலு காய்ப்புங்க"ன்னேன். நாலுன்னு தட்டினார். "சின்ன வயசுதான், அடுத்த வாரமே அறுத்து எடுத்துடலாம். என்ன சாப்பாடு போடறீங்க?" சாமை, களின்னு சொன்னதும் அவர் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே! ஒரு பெரிய பாக்கெட் தீனியைக் கையில கொடுத்து, இனிமே இது மட்டும்தான்னுட்டார்.

ராணி அதை மோந்து பார்த்துட்டு என்னைப் பார்த்துச்சு. அப்புறம் போய்ப் படுத்துக்கிச்சு. மறுநாள் குரங்குக் கூட்டம் மொத்தத்தையும் உக்காந்து தின்னுட்டுப் போச்சு, ராணி தடுக்கவே இல்லை. களத்துல கொட்டை எடுக்கற பச்சையம்மா அரிவாளைக் கீழ வச்சுட்டுக் கேட்டுச்சு: "அண்ணே, குரங்கை வெரட்டத்தான் நாய் வளப்பாங்க. நீங்க குரங்குக்கு ஆக்கிப் போடறதுக்கா வளக்கறீங்க?"

எனக்குப் பிடிச்ச டாக்டர்

அறுக்காத டாக்டரா பார்க்கலாம்னு வேலூர் போனேன், அங்க ஒரு பெரியவர். ராணி வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். "நாலு வயசா? யார் சொன்னது? எட்டு ஒன்பது இருக்கும். இந்த வயசுல மயக்க மருந்து வேணாம். கட்டிப் போடாதீங்க, பிடிச்சதைப் போடுங்க, இருக்கற வரைக்கும் சந்தோஷமா இருக்கட்டும்." எனக்கு அப்படியே அவரைக் கட்டிப் பிடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஒரே நாய் ஒரு ஊர்ல சின்னது, இன்னொரு ஊர்ல கிழடு, அது எப்படின்னு குழப்பமா இருந்தாலும் மனசு லேசாயிடுச்சு. அமிர்தி தாண்டி மலை ஏறும்போது லாரி டிரைவர்கிட்ட அவர் பெருமையைப் பேசிக்கிட்டே வந்தேன்.

டிரைவர் எல்லாத்தையும் கேட்டுட்டு மெதுவாச் சொன்னார்: "டாக்டரு தங்கமானவருதாங்க. கட்டிக்கு இன்னா பண்ணாரு?"

செங்கத்துல போட்ட கணக்கு

கட்டி எலுமிச்சம்பழம் ஆயிடுச்சு. ராணி எந்நேரமும் அதையே நக்கிக்கிட்டுக் கெடந்துச்சு. எனக்குச் சோறு இறங்கல. செங்கத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். அவங்க ராணி பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டு, கண்ணமங்கலம், வேலூர் கதையெல்லாம் கேட்டுக்கிட்டாங்க. வயசு கேட்டாங்க. நாலு காய்ப்புன்னேன். "காய்ப்புன்னா என்னங்க?" இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்காத கேள்வி. எங்க மலையில புளி ஒரு வருஷம் நல்லாக் காய்ச்சா மறு வருஷம் ஏமாத்தும், நல்லாக் காய்ச்ச வருஷத்தைத்தான் எண்ணுவோம்னு சொன்னேன். "அப்ப எட்டு வயசு! ஏங்க, இதைக் கண்ணமங்கலத்துல சொல்லலியா?" எங்க மலையில இதை யாருக்கும் விளக்கிச் சொன்னதே இல்லையே!

ரத்தம் எடுத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க. "நெஞ்சுக்குப் பரவல. இப்ப எடுத்தா பொழைக்கும்னு நம்பறேன், சத்தியம் பண்ண மாட்டேன். விட்டா வெடிச்சுப் புண்ணாயிடும். எடுத்த பிறகு பத்து நாள் கட்டிப் போடணும், ஓடினா தையல் பிரியும்." கட்டறது என் கொள்கையிலயே இல்லீங்கம்மான்னேன். அவங்க கோவப்படவே இல்லை. "கொள்கை உங்களுதுங்க. கட்டி அதோடதுங்க."

பச்சையம்மா தீர்ப்பு

சரின்னும் சொல்லாம, வேணான்னும் சொல்லாம திரும்பிட்டேன். களத்துல உக்காந்து புலம்பினேன். டாக்டர்னா கட்டச் சொல்லக் கூடாது, அறுக்கக் கூடாது, சாப்பாட்டை மாத்தக் கூடாது, பயமுறுத்தக் கூடாது, அப்படி ஒருத்தர் கிடைக்கலியேன்னு.

பச்சையம்மா தலையைக் கூட நிமிர்த்தல. "அப்ப நீங்க தேடறது டாக்டரு இல்லண்ணே, தலையாட்டற ஆளு. அதுக்கு எதுக்கு ஊர் ஊரா போறீங்க, நானே ஆட்டறேன்." எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. அன்னிக்கு முழுக்க அதுகிட்ட பேசல. மறுநாள் காலையில வண்டி பிடிச்சு ராணியோட செங்கம் இறங்கிட்டேன்.

பத்து நாள் கயிறு

ஆபரேஷன் நடந்தப்போ வெளிய நின்னு அழுதேன், அதுல என்ன வெக்கம். டாக்டரம்மா கையைத் துடைச்சுக்கிட்டு வந்து, "மூச்சு நல்லா இருக்குங்க"ன்னாங்க. வூட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. ஆனா கம்பத்துல கட்ட மனசு வரல. கயித்தோட ஒரு முனையை ராணி கழுத்துல போட்டு, இன்னொரு முனையை என் இடுப்புல கட்டிக்கிட்டு களத்துல புளி மூட்டை மேல உக்காந்தேன். பத்து நாளும் இதே கதிதான். குரங்கைக் கண்டா அது எழுந்திரிக்கும், நான் அப்படியே அமுக்கிப் பிடிச்சுப் படுக்க வைப்பேன். தையல் பிரியல.

எட்டாம் நாள் சரக்குப் பார்க்க வந்த ஆரணி வியாபாரி, நடந்தது எதுவும் தெரியாதவர், வாசல்லயே நின்னுட்டார். என்னைப் பார்த்தார், கயித்தைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். ரொம்ப மரியாதையாத்தான் கேட்டார்: "இன்னாங்க மொதலாளி, இன்னா தப்பு பண்ணீங்கன்னு அது உங்களக் கட்டிப் போட்டிருக்குது?"

என் கொள்கைக்கு ஒத்து வர்ற டாக்டரைத் தேடி அலைஞ்சு, ஒத்தே வராத டாக்டரால ராணி பொழைச்சு நிக்குது, இப்ப யாராவது என் கொள்கை என்னன்னு கேட்டா எனக்கே தெரியலைங்க.