ரோஜாப்பூ சூழ்ந்த என் படம்

இரண்டாயிரத்து நான்கு என்று நினைக்கிறேன், மழைக்காலம் முடிந்த சமயம். யாங்கூனில், பசுந்தாங் என்கிற பேட்டையில், நாங்கள் குடியிருந்த கட்டடத்தின் கீழேயே நான் தோசைக்கடை வைத்திருந்தேன். கணவருக்குக் கப்பலில் வேலை. அவர் அனுப்புவது போதவில்லை. நான் தெருவில் கல்லைப் போட்டு உட்கார்ந்ததில் என் நாத்தனாருக்கு மகா கோபம். குடும்ப மானம் கப்பலேறிவிட்டதாம். (கப்பலேறியது அவர் தம்பிதான்!) தான் குடியிருக்கும் கியாக்தானிலிருந்து பஸ் பிடித்துச் சந்தைக்கு வந்தால்கூட, எதிர்ப்பக்கமாகவே நடந்து போய்விடுவார். வருஷக்கணக்கில் பேச்சில்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்போது ஓர் அமெரிக்கப் பெண் தினமும் தோசை சாப்பிட வருவாள். ஓவியம் வரைகிறவள். தன்னை "சிக்கானா" என்றாள். அதென்ன பலகாரமா என்று கேட்டுவிட்டேன்! பூர்வீகம் மெக்சிகோ, பிறந்தது அமெரிக்கா, பர்மாவில் நீங்கள் இருப்பது மாதிரி என்று சிரித்தாள். அவள் இனத்து ஓவியர்கள் மாதா படத்தில் வருகிற ஒளிக்கதிரையும் ரோஜாவையும் தையல்காரிக்கும் பழம் பறிக்கிறவளுக்கும் போட்டு வரைவார்களாம். சாமியை எதற்குத் தெருவுக்கு இழுக்கிறீர்கள் என்றேன். தெருவில் நிற்கிறவளும் அத்தனை பேரைத் தாங்குகிறாளே என்றாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஊருக்குக் கிளம்புமுன் என்னையும் அப்படியே வரைந்து கொடுத்தாள். கையில் தோசைக் கரண்டி, பின்னால் தகதகவென்று கதிர், சுற்றிலும் ரோஜாப்பூ. நம் வழக்கத்தில் படத்தைச் சுற்றிப் பூ என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? எனக்காவது உறைத்திருக்க வேண்டும்! கடைச் சுவரில் முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினேன். வழக்கம்போல ஊதுபத்தியும் ஏற்றிவிட்டு, கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு, அவளை வழியனுப்ப மிங்கலாடோன் விமான நிலையத்துக்குப் போனேன். ஒரு நாளும் மூடாத கடை அது.

திரும்பி வந்தால் கடைமுன் கூட்டம், ஒப்பாரிச் சத்தம். பதறிக்கொண்டு ஓடினேன். சந்தைப் பையைக் கீழே போட்டுவிட்டு, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுவது என் நாத்தனார்!

"ஒத்தப் பொம்பளையா நின்னாளே! எந்தம்பி புள்ளைங்களக் கரையேத்துனாளே! ஆம்பளைகூட இப்படித் தாங்குவானா? ஒரு வார்த்தை பேசாம இருந்துட்டனே, பாவி!"

யாரைச் சொல்கிறார்? சத்தியமாக எனக்குப் புரியவில்லை. யாரோ ஒரு நல்லவள் போய்விட்டாள் என்று நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகுதான் கம்பி வழியாக என் படம் தெரிந்தது. ஐயோ, எனக்கேதானா இந்த அழுகை!

"அக்கா" என்றேன்.

திரும்பிப் பார்த்தவர், "அமலே!" என்று, 'ஐயோ அம்மா' என்பதற்குப் பர்மியர் சொல்கிற மாதிரியே அலறினார். அடுத்த நிமிஷம் என்னைக் கட்டிக்கொண்டார். அதற்கடுத்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "உசுரோட இருக்கறவ படத்துக்கு எவளாச்சும் பூப் போடுவாளா? புத்தி கெட்டவளே, கழட்டுடி அத!"

கழற்றினேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமலே தோசை ஊற்றிக் கொடுத்தேன். உப்புப் போதவில்லை என்று சொல்லிச் சொல்லியே சாப்பிட்டார்.

அதன்பிறகு எங்களுக்குள் பேச்சும் இருந்தது, திட்டும் இருந்தது. அன்றைக்குச் சொன்னதை மட்டும் என் முகத்தைப் பார்த்து அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அவருடைய எந்த வாய் நிஜம் என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். ஆனால் உடம்பும் மனசும் சோர்ந்துபோகிற காலைகளில், நான் செத்துவிட்டதாக நினைத்து அவர் அழுத அழுகையை நினைத்துக்கொண்டுதான் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறேன்.