நல்ல காப்பி

"காப்பின்னா என்னடி அர்த்தம்?" என்று அத்தை கேட்டார்.

"குடிக்கிறதா, பரீட்சையில அடிக்கிறதா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கைபேசியை என் பக்கம் நீட்டினார். பழைய படக்கதைப் புத்தகம் ஒன்றை இணைய ஏலத்தில் விற்பனைக்குப் போட்டிருந்த ஒருவர் அவருக்கு ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். யாரோ கொடுத்த புகாரால் தன் விளம்பரத்தை எடுத்துவிட்டார்களாம். அது போலியில்லை, பள்ளி நாட்களிலிருந்து தன்னிடமே இருக்கும் சொந்தக் 'காப்பி' என்று எழுதியிருந்தார். புகார் கொடுத்ததே அத்தைதான். அது அந்த மனிதருக்குத் தெரியாது.

"சொந்தமா போட்ட காப்பின்னு இப்பவும் அவரே ஒத்துக்கறாரு பாரு," என்றார் அத்தை.

அச்சடித்த புத்தகத்தில் நம் கையில் இருக்கும் ஒரு பிரதியை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினேன். அத்தை கையிலிருந்த சட்டையை மடிக்காமல் அப்படியே வைத்தார்.

"அசலையா காப்பிங்கறாங்க?"

"ஆமா அத்தை."

"அப்போ போலியை என்னன்னு சொல்லுவாங்க?"

"அதையும் காப்பின்னுதான்."

"வெளங்கிடும்," என்றார்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கை. சலவைக்கடையில் துணி வாங்கி வைக்கும் மேசை அவருடையது. சட்டையை வாங்கியதும் முதலில் காலரைத் திருப்பிப் பார்ப்பார், பிறகு பையில் கைவிடுவார். துணி கொடுப்பவர் எதை மறைக்கிறார் என்று அதற்குள் தெரிந்துவிடும் என்பார். வீட்டில் துணி அலமாரியின் கீழ்த்தட்டு முழுக்கப் படக்கதைகள். மாமாவின் கால்சட்டைகளுக்கு அங்கே இடமில்லாமல் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். "புத்தகம் மடங்கக் கூடாது, புருஷன் கசங்கலாம்," என்பார் மாமா.

பழைய படக்கதை சேர்ப்பவர்கள் கைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் அத்தைக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். ஏலம் கேட்கும் முன் விளம்பரத்தை இவருக்கு அனுப்பி, வாங்கலாமா என்று கேட்பார்கள். அத்தை அட்டைப்படத்தைப் பார்க்கவே மாட்டார். புத்தகத்துக்குக் கீழே விரித்திருக்கும் துணியைத்தான் பார்ப்பார். இரண்டு வெவ்வேறு விற்பனையாளர்களின் படங்களில் ஒரே போர்வை ஒரே சுருக்கத்தோடு கிடந்தால், ஒருவர் படத்தை மற்றவர் திருடியிருக்கிறார். பழைய தாள் ஓரத்திலிருந்துதான் பழுப்பாகும். பக்கம் முழுக்க ஒரே சீராகப் பழுத்திருந்தால் யாரோ தேநீரில் தோய்த்து எடுத்திருக்கிறார்கள்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், "புத்தகத்து மேல ஒரு ஸ்பூன் வெச்சு போட்டோ அனுப்புங்க" என்று கேட்பார். கையில் புத்தகம் இருப்பவர்கள் குழம்பினாலும் அனுப்பிவிடுவார்கள். இல்லாதவர்களுக்குக் கோபம் வரும்.

இவ்வளவு தெரிந்தவர் இந்த ஒரு விளம்பரத்தில் தடுமாறியதற்குக் காரணம் உண்டு. அந்தப் புத்தகத்தைத்தான் அவர் சிறுமியாக இருந்தபோதிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார். 'பச்சைக் கையுறை' இரண்டு பாகமாக வந்த கதை. கொலை நடந்த அறையில் ஒற்றைக் கையுறை கிடக்கும். அது யாருடையது என்று துப்பறிபவர் வாய் திறக்கும்போது முதல் பாகம் முடிந்துவிடும். இரண்டாம் பாகம் வருவதற்குள் வீடு மாறிவிட்டார்கள். புது வீட்டுப் பக்கத்தில் புத்தகக் கடையே இல்லை. அன்றிலிருந்து அத்தை துணி மடிக்கும்போதெல்லாம் கொலைகாரரை மாற்றிக்கொண்டே இருக்கிறார். நான் சிறுமியாக இருந்தபோது டாக்டர். பிறகு பியானோ வாத்தியார். இப்போது கொஞ்ச காலமாகச் செத்தவரின் தங்கை.

கடைசியில் ஒருநாள் அந்த இரண்டாம் பாகம் ஏலத்துக்கு வந்தது. அத்தை துணியைப் பார்த்தார். வெறும் மரமேசை. தாள் ஓரத்தில் மட்டும் பழுத்திருந்தது. ஸ்பூன் கேட்டார், மறுபேச்சில்லாமல் படம் வந்தது. ஆனால் ஸ்பூனின் நிழல் சரியாகப் புத்தகத்தைத் தைத்திருக்கும் ஸ்டேப்ளர் பின் மேல் விழுந்து, பழசுக்கு அடையாளமான துரு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

"எல்லாம் சரியா இருந்தாத்தான் உங்க அத்தைக்குச் சந்தேகமே வரும். என்னையும் இப்படித்தான் பார்த்தா," என்று மாமா என்னிடம் சொன்னார்.

அப்போதுதான் அத்தை விளம்பரத்தின் வாசகத்தை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். 'குட் காப்பி, கம்ப்ளீட்.' நல்ல காப்பி, முழுசாக இருக்கிறது. போலியையும் செய்துவிட்டு நன்றாகச் செய்திருப்பதாகப் பீற்றிக்கொள்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்திருக்கிறது. உடனே புகார் கொடுத்துவிட்டார். அவர் புகார் இதுவரை தவறியதில்லை என்பதால் தளமும் விளம்பரத்தை எடுத்துவிட்டது. என்னிடம் அவர் கைபேசியை நீட்டியது அதற்குப் பிறகு.

அர்த்தம் சொன்னதோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். யோசிக்க யோசிக்க எனக்கும் குழம்பியது. அது தமிழ்ப் படக்கதை. விற்பவருக்கும் தமிழ் தெரியத்தானே வேண்டும்? ஆங்கிலத்தில் எழுதினாலும் நம்மைப்போல நினைப்பவர் என்றால், நல்ல காப்பி என்பது நல்ல நகல்தான். இரண்டு மொழியிலும் படித்தது இங்கே உதவவில்லை. ஒரு மொழியில் வாசித்தால் அவர் யோக்கியர், இன்னொன்றில் வாசித்தால் திருடர்.

"பள்ளிக்கூடத்துலேர்ந்து வெச்சிருக்கேங்கறாரே. அப்போ ஏது கலர்ல நகல் எடுக்கற மெஷின்?" என்று அத்தை அவருக்காக வாதாடினார். சற்று நேரம் கழித்து, "அவரு உன் வயசா இருந்தா?" என்று தானே எதிர்க்கேள்வி போட்டார்.

புகாரைத் திரும்பப் பெறும்படி தளத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். எடுத்ததை அவர்கள் திரும்பப் போட முடியாதாம், விற்பவர்தான் புதிதாகப் போட வேண்டுமாம். அவர் போடவில்லை. "கோவத்துலயும் போடாம இருக்கலாம், பயத்துலயும் போடாம இருக்கலாம். இதுல என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்றார் மாமா. அந்த வாரம் குழுவில் யாரோ அனுப்பிய விளம்பரத்துக்கு அத்தை, "எனக்குத் தெரியலை" என்று எழுதினார். பூதக்கண்ணாடி அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரித்து ஆளாளுக்குச் செய்தி அனுப்பினார்கள்.

பிறகு ஒருநாள் நான் சலவைக்கடைக்குப் போனபோது, மேசையில் துணிகளுக்கு எண் குத்திக்கொண்டே அத்தை தலை நிமிராமல் பேசினார்.

"நல்ல இங்கிலீஷ்ல அவருக்கு ஒண்ணு எழுதிக் கொடு. புகார் கொடுத்தது நான்தான்னு எழுது. புத்தகத்தை விக்கச் சொல்லிக் கேக்காதே, எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அந்தக் கையுறை யாரோடதுன்னு மட்டும் கேளு. அசலா இருந்தாலும் நகலா இருந்தாலும் கதை ஒண்ணுதானே."

"அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னா?"

"எனக்குத் தெரியாதுதான்," என்றார். எண் குத்திய சட்டையைக் கூடையில் போட்டார். அடுத்ததை எடுத்தவர், காலரைத் திருப்பிப் பார்க்காமலே கையில் வைத்திருந்தார்.

"காப்பிங்கற வார்த்தை மட்டும் வராம எழுதும்மா."