மாரிமுத்து அண்ணனின் மை படாத விரல்

மாரிமுத்து அண்ணன் நேற்று காலை போய்விட்டார். வேடசந்தூர் மில்லில் என்னோடு பதினாறு வருஷம் ஷிப்ட் பார்த்தவர், எங்கள் தெருக்காரர். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வருகிறது.

அண்ணன் ஓட்டுப் போட மாட்டார். சோம்பேறித்தனம் இல்லை, கொள்கை. எங்கள் ஊர்க் கிணறெல்லாம் சாயத் தண்ணீராகப் போனபோது ரெண்டு கட்சிக்கும் மாறி மாறிப் போட்டுப் பார்த்தவர். ஒருத்தனும் எட்டிப் பார்க்கவில்லை.

"அம்புட்டுப் பேரும் ஒரே குட்டையில ஊறுன மட்டைதான் தாயி. இனி என் விரல்ல மை படாது."

எலெக்‌ஷன் அன்று மில் லீவு. காலையிலேயே பூத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். போகிறவர்கள் எல்லாரும் தன்னைப் பார்க்க வேண்டுமாம்.

"ஏண்ணே, நோட்டா இருக்குல்ல?" என்று ஒருதரம் கேட்டேன்.

"அதுக்கும் பட்டனை அமுக்கணும்ல?"

போன எலெக்‌ஷனில் நான் சாயங்காலம்தான் போனேன். கட்சி ஏஜென்ட் கையில் இருந்த லிஸ்ட்டில் அண்ணன் பேருக்கு டிக் அடித்திருந்தது. ஓட்டு விழுந்துவிட்டதாம்! ஓடிப்போய் அண்ணனைக் கூட்டி வந்தேன்.

இடது கையை நீட்டினார். "மை எங்கப்பா?"

ஏஜென்ட் சிரித்தான். "நீங்க போடவா போறீங்க? வீணாப் போகுதேன்னு நம்ம பயலுக எவனாச்சும் போட்டுருப்பாய்ங்க. விடுங்கண்ணே."

பூத் ஆபீசர் ரூல் புக்கைப் புரட்டினார். "உங்க பேர்ல ஏற்கனவே ஓட்டு விழுந்துட்டதால, நீங்க தனிச் சீட்டுல ஓட்டுப் போடலாம். அது ஒண்ணுதான் வழி."

"ஐயா, நான் போடாம இருந்ததைத்தான் களவாண்டுட்டாய்ங்க. அதைத் திருப்பித் தர வழி இருக்கா?"

ஆபீசர் ரூல் புக்கை மூடிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அதற்கப்புறம் அண்ணன் அந்த டீக்கடைப் பக்கமே போகவில்லை.

நேற்று அதே ஏஜென்ட் ஆளுயர மாலையோடு வந்தான்... கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்ட மாலையை எடுத்து அவன் கையிலேயே திணித்தேன்.

"செத்தவுக ஓட்டும் வீணாப் போகக் கூடாதேன்னு வந்தியாக்கும்?"

அத்தனை கூட்டத்துக்கு முன்னால் முகம் கறுத்துப் போனான். எனக்கு அது போதாது.

லிஸ்ட்டில் பேர் நீக்குகிற ஃபாரத்தை இன்று காலையே நிரப்பி வைத்துவிட்டேன். டெத் சர்டிபிகேட் கைக்கு வந்த அன்றே கொடுத்துவிடுவேன். அடுத்த எலெக்‌ஷனில் பூத் வாசலில் முதல் ஆளாக நிற்பேன், அவன் மூஞ்சியைப் பார்க்க.

போயிட்டு வாங்கண்ணே. கடைசியாக உங்கள் விரலைப் பார்த்தேன், சுத்தமாக இருந்தது.

அவன் உங்கள் பேரைத் தேடட்டும்.