கேமராவை இறக்கியவர்

திருவண்ணாமலையில் எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்குப் படம் எடுக்க வந்தவர் கீழ்பென்னாத்தூர்ப் பெண். முப்பது வயதிருக்கும். சுடிதாரின் முழங்கால் இரண்டிலும் புழுதி. எந்தப் பிள்ளையையும் மண்டியிட்டுத்தான் எடுப்பார். எடுத்ததும் கேமராவைத் திருப்பி அந்தப் பிள்ளையிடமே காட்டி, "புடிச்சிருக்கா?" என்பார். தலை ஆடாவிட்டால் அழித்துவிடுவார்.

நடனத்தின் நடுவே ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் சவுரிமுடி கழன்று மேடையில் விழுந்தது. மைதானமே சிரித்தது. எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது, ஆசிரியனான என் கையிலும்தான். அவர் மட்டும் கேமராவை இறக்கிக்கொண்டார்.

"ஏம்மா, சூப்பர் படத்த வுட்டுட்டீங்களே?" என்றேன்.

"அந்தப் பொண்ணு நாளைக்கும் இதே ஸ்கூலுக்குத்தான சார் வரணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை.

விழா முடிந்ததும் அந்த மாணவியே அவரைத் தேடி வந்தாள். சவுரியைக் கிரிவலப் பாதைச் சாமியார் தாடி மாதிரி மோவாயில் பிடித்துக்கொண்டு, "இப்ப எடுங்கக்கா" என்றாள். அவர் மண்டியிட்டு எடுத்தார், திருப்பிக் காட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

என் போனில் இருந்த படத்தைப் பார்த்தேன். அதை அவளிடம் காட்டி, "புடிச்சிருக்கா?" என்று என்னால் கேட்க முடியாது. நின்ற இடத்திலேயே அழித்தேன்.