உபயம் எழுதாத சட்டைகள்

வில்லியனூர் கடைத்தெருவில் சண்முகசுந்தரத்தின் ஜவுளிக்கடை வாசலில், படிக்கு இடது பக்கமாகத் தணிகைவேலின் தையல் மிஷின் இருந்தது. துணி எடுப்பவர்கள் அப்படியே அவரிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். இடத்துக்கு வாடகை கிடையாது. ஆகவே முதலாளி சொன்னதுதான் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டம் வேறு. அன்று தணிகைவேல், தன் ஊரான கூடப்பாக்கத்தில், பூப்பந்துக் குழுவுக்கு அம்பயர். இளம்பிள்ளை வாதத்தில் ஒரு கால் சூம்பிவிட்டதால் அவர் ஆடியதில்லை. உயர்ந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மஞ்சள் கம்பளிப் பந்தையும் கோட்டையும் பார்ப்பார். மைத்துனன் அடித்த பந்து வெளியே விழுந்தது என்று ஒருமுறை சொன்னார். மைத்துனன் அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. தணிகைவேல் சொன்னதை மாற்றவும் இல்லை.

குழு வருஷா வருஷம் காணும் பொங்கலன்று பந்தயம் நடத்தி, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஏழைப் பிள்ளைகளுக்குப் புதுத்துணி கொடுக்கும். கடைகடையாக ஏறித் துணி கேட்பது செயலாளர் கோவிந்தராஜின் வேலை. கூலி வாங்காமல் தைப்பது தணிகைவேல்.

எழுபத்தெட்டாம் வருஷப் பொங்கலுக்கு முன் பெய்த மழையில் பயிர் அழுகிப் போயிற்று. மற்ற கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். சண்முகசுந்தரம் மட்டும் எல்லாத் துணியும் தானே தருவதாகச் சொன்னார். துணியோடு ஒரு மரக்கட்டை அச்சும் வந்தது. ‘உபயம்: சண்முகசுந்தரம் ஜவுளிக்கடை’ என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுத்து.

“ஒவ்வொரு சட்டை முதுகுலயும் இத்தக் குத்திடு” என்றார் முதலாளி.

தணிகைவேல் அச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “பசங்க முதுகுல வேணாங்க.”

“கோயிலுக்கு லைட்டு குடுத்தா பேரு எழுதறோம். குண்டான் குடுத்தா பேரு எழுதறோம். சட்டைக்கு மட்டும் இன்னா?”

“லைட்டு பள்ளிக்கூடம் போவாதுங்களே, மொதலாளி.”

அவர் சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் மரச்சட்டத்தில் தன் பெயர் எழுதிய சிலேட்டுகளை வழங்கியிருந்தார். தணிகைவேலின் பக்கத்து வீட்டு நடேசன் மகள் அம்மணிக்கும் ஒன்று கிடைத்தது. ‘ஓசி சிலேட்டு’ என்று மற்றப் பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவள் அந்த வருஷம் பாதி நாள் பள்ளிக்கே போகவில்லை. சிலேட்டையாவது கவிழ்த்து வைக்கலாம். முதுகை எங்கே கவிழ்ப்பது?

கோவிந்தராஜ் வந்து கெஞ்சினார். “ஒரு வருசம்தானேப்பா. குத்தித் தொலையேன்.”

“அப்ப நீயே ஒண்ணு போட்டுக்கினு தெருவுல நடந்து காட்டு.”

கோவிந்தராஜ் கிளம்பிப் போய்விட்டார். தணிகைவேல் வெறும் முதுகாகவே எல்லாவற்றையும் தைத்து முடித்தார்.

காணும் பொங்கலன்று இறுதி ஆட்டத்துக்கு முன்னால், சிறப்பு விருந்தினராக மாலையும் கழுத்துமாக வந்த சண்முகசுந்தரத்தின் பின்னால் கடைப் பையன் அச்சையும் மைத்தட்டையும் தூக்கி வந்தான். “நீ குத்தலைன்னா போ. நானே குத்திக் குடுக்கறேன். பசங்கள வரிசையா வரச் சொல்லு.”

பிள்ளைகள் புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். தணிகைவேல் நாற்காலியிலிருந்து இறங்கினார். காலை இழுத்து நடந்து போய், வரிசைக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றார். அம்பயருக்கென்று அவரே தைத்துக்கொண்ட வெள்ளைச் சட்டை அது.

“மொதல்ல எனக்குக் குத்துங்க. உங்க வாசல்ல பொழைக்கறவன் நான். எனக்கு ஒண்ணும் கூச்சமில்ல.”

முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது. ஓங்கிக் குத்தினார். அவர் அச்சை எடுப்பதற்குள் தணிகைவேலின் பின்னால் கோவிந்தராஜ் வந்து நின்றார். பிறகு உள்ளூர் ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எதிரணியான பாகூர்க்காரர்களின் தலைவன் குழந்தைவேல், விஷயத்தைக் கேட்டுவிட்டு, “எங்க முதுகு மட்டும் இன்னா, தங்கத்துலயா செஞ்சிது?” என்று தன் ஆட்களையும் கூட்டி வந்தான். முதலாளியும் விடாமல் வந்த முதுகிலெல்லாம் குத்தினார். பிள்ளைகளின் முறை வருவதற்குள் மைத்தட்டு காய்ந்துவிட்டது.

“மை வாங்கியாரச் சொல்றேன். ஆட்டம் முடிஞ்சதும் பசங்களுக்கு” என்று சொல்லி முதலாளி விருந்தினர் நாற்காலியில் அமர்ந்தார்.

அடுத்து நடந்ததைத் தணிகைவேல் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. முதல் பந்தை ஒருவன் வலையில் அடித்தான். கூட்டத்திலிருந்து ஒரு குரல்: “ஜவுளிக்கட கோட்ட வுட்டுடுச்சு டோய்!”

அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. “ஏ ஜவுளிக்கட, கண்ணு தெரிலயா?” “ஜவுளிக்கடைய வெளிய அனுப்புங்கடா!” “யாரு தோத்தாலும் கடைக்குத்தாண்டா நட்டம்!” இரண்டு பக்கமும் அதே பெயர் என்பதால், எந்தப் பக்கம் தவறினாலும் திட்டு ஒரே இடத்துக்குத்தான் போயிற்று. கடைப் பையன்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். தணிகைவேல் நாற்காலியில் சிரிக்காமல் உட்கார்ந்து, வெளியே விழுந்ததை வெளியே என்றும் உள்ளே விழுந்ததை உள்ளே என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்தபோது மை வந்திருந்தது. சண்முகசுந்தரம் அதைத் தொடவில்லை. மாலையைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டார். “சட்டை பசங்களோடவே போவட்டும். நீ நாளைக்கு மிஷின எடுத்துக்க.”

“நாளைக்கு எதுக்குங்க? இன்னிக்கே எடுத்துக்கறேன்.”

எடுத்தும் விட்டார். குழந்தைவேலின் மாட்டுவண்டியில் மிஷின் ஊருக்கு வந்தது. கடைத்தெருவின் வருமானம் ஊரில் இல்லை. “ரோஷத்த ஒலையில போட்டு வேவ வைக்கட்டுமா?” என்று மனைவி கனகாம்பாள் கேட்டாள். “வைம்மே. கூட ரெண்டு உப்பு போடு” என்றார். பொங்கலில் ஆரம்பித்த கஞ்சி ஆடி வரையில் நீண்டது. முதலாளி இருமுறை ஆள் அனுப்பினார். மன்னிப்புக் கேட்டால் பழைய இடம் உண்டு என்றார்கள். தணிகைவேல் போகவில்லை.

அடுத்த மார்கழியில் கோவிந்தராஜ் வந்தார். “துணிக்கு எங்க போறதுப்பா? வில்லியனூர்ல நம்மள ஒரு கடையிலயும் ஏத்த மாட்டாங்க.”

தணிகைவேல் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னார்: “பாகூருக்குப் போ. அங்கயும் இல்லன்னா கடலூருக்குப் போ. எவன் வேணா குடுக்கட்டும். பசங்க முதுகு மட்டும் எவனுக்கும் கெடயாதுன்னு மொதல்லயே சொல்லிட்டு வாங்கியா.”