தீப்பிடிக்காத துணி தேடிய வேலாயுதம் அண்ணாச்சி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். வேலாயுதம் அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று போன் வந்தபோது நான் அவருடைய விமானத்தில், கிழிந்த சீட்டில், அவர் மாட்டச் சொன்ன புது பெல்ட்டில் சிக்கிக் கிடந்தேன். பூட்டு திறக்கவில்லை. பரளச்சிப் பக்கம் அவர் காட்டுக் கொட்டகையில் இறக்கை கழற்றி நிறுத்திய விமானம் அது. ஆடு மேய்க்க வந்தவர் எட்டிப் பார்த்து, "அழுதுக்கிட்டே பறக்கப் போறீகளா சாமி?" என்று கேட்டுவிட்டு, பெல்ட்டைக் கத்தியால் அறுத்துவிட்டார். அண்ணாச்சி பார்த்திருந்தால் அந்தப் பெல்ட்டுக்காக இன்னொரு தடவை செத்திருப்பார்.

இந்த நினைவு மலரைப் படிக்கிற நீங்கள் எல்லோரும் அவரிடம் ஒருமுறையாவது திட்டு வாங்கியவர்கள். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்ற மனிதர், சொந்த மனைவியை ஒரு தடவைகூட ஏற்றிப் பறந்ததில்லை. அதற்காகவே நாலு சீட்டுப் பழைய விமானம் ஒன்றை வாங்கி லாரியில் கொண்டுவந்தார். எஞ்சின் நன்றாக இருந்தது. உள்ளேதான் சீட் கிழிந்து, கதவுப் பலகை வெடித்து, கூரைத் துணி தலையில் தொங்கியது. "கண்ணு மங்குதுலே. அடுத்த சோதனையில டாக்டரு என்னைய ஓட்ட விடமாட்டாரு. அதுக்குள்ள உங்க மதினிய ஒரு சுத்து கூட்டிட்டுப் போயிறணும்" என்று உள்வேலைக்கு என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்.

இவ்வளவு அவசரக்காரர், கதவுப் பலகையில் நான் முடுக்கிய ஒரு ஸ்க்ரூ கொஞ்சம் நீளம் என்று அத்தனையையும் கழற்றவைத்தார். "பின்னால போற கண்ட்ரோல் கம்பியில ஒரசுச்சுன்னா ஆஸ்பத்திரிச் செலவுகூட கெடையாது. நேரா சுடுகாடுதான்."

பெரிய தலைவலி சீட்டுத் துணி. விமானத்துக்கான விதிப்படி, தீ வைத்தால் அது தானாகவே அணைய வேண்டும். சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்புமுன் அவரே கொளுத்திப் பார்ப்பார். எங்கே? அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில், தீபாவளிக் கூட்டத்தில், கல்லாவுக்கு முன்னால். தீக்குச்சியைக் கண்ட கடைக்காரர் முதலில் வீட்டுத் தெலுங்கில் அலறினார். பிறகு எங்களுக்காகத் தமிழில், "எல்லாரும் கட்டத்தான் துணி கேப்பாக. கொளுத்தக் கேட்ட மொத ஆளு நீங்கதான்யா!" என்றார். அதற்கப்புறம் என் மனைவிக்குச் சேலை எடுக்கப் போனாலும் என் சட்டைப் பையைத் தடவித்தான் உள்ளே விட்டார்கள்.

பொறுக்கமாட்டாமல், "கிழிஞ்ச சீட்டோட பறந்தா வானம் கோவிச்சுக்கிடுமா அண்ணாச்சி?" என்றேன்.

"எஞ்சின் நின்னா எறங்க எடம் பாக்கலாம். உள்ள தீப்பிடிச்சா எங்கலே எறங்குவ?"

மதினி காபியை நீட்டியபடி, "திருச்சுழிக்குப் பஸ்ஸுல போனாலே எனக்குக் குமட்டும். இவுக வானத்துல கூட்டிட்டுப் போறாகளாம்" என்பார். ஆனால் அதற்கென்றே ஒரு பச்சைச் சேலை எடுத்துவைத்திருந்தார்.

போன ஆடியில் இன்னொரு துணியைக் கொட்டகை வாசலில் தொங்கவிட்டுக் கொளுத்தினார். பற்றிய தீ பொசுக்கென்று அணைந்தது. "பாத்தியாலே!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தார். மாதிரியை அனுப்பினோம். பதில் வருமுன் அவருக்கு மாரடைப்பு வந்துவிட்டது. பச்சைச் சேலை இன்னும் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை, முடுக்குமுன் ஸ்க்ரூவின் நீளம் பார்க்கும் வியாதி, அறுந்த பெல்ட், அந்தத் துணியில் ஒரு முழம். துணியை அவர் படத்துக்குக் கீழே விரித்திருந்தேன். நேற்று விளக்கேற்றும்போது தீக்குச்சி அதன்மேல் விழுந்துவிட்டது. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றும்வரை ஜோராக எரிந்தது.

கொட்டகை வாசலில் நாங்கள் கொளுத்திய அன்று நல்ல ஆடிக்காற்று.