மனநல அறைக்கு ஒரு கண்ணாடிக் கதவு

கன்னட நகரத்தில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதியான நீலசந்திராவில் என் அறைக்கு வெளியே முதலில் மாட்டிய பலகையில் ‘கவுன்சிலர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. அடுத்த வாரமே நாலைந்து பெண்கள் சேர்ந்து வந்து சாக்கடை அடைப்பைப் பற்றி முறையிட்டார்கள். நான் வார்டு கவுன்சிலர் இல்லை, பிள்ளைகளின் மனக்கஷ்டத்தைக் கேட்கிறவள் என்று விளக்கினேன். அப்படியென்றால் உங்களால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பலகையை மாற்றினோம்.

ஒரு சிறிய அறக்கட்டளை நடத்தும் குழந்தைகள் மருத்துவ மையம் அது. மொத்தமே இரண்டு அறைகள். ஒன்றில் டாக்டர், இன்னொன்றில் நான். இரும்புச்சத்து மாத்திரை, கண் பரிசோதனை, மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் பக்கத்து வட்டாரத்து வசதியானவர்களின் சங்கம் ஒன்று உதவி வந்தது. குழந்தைகளின் உடல்நலத்தில் அவர்களுக்கு அலாதி அக்கறை. கண்ணாடி போட்ட குழந்தையைப் படம் எடுக்கலாம், எடை மெஷின்மேல் நிற்கிற குழந்தையையும் எடுக்கலாம்.

குழந்தைகளுக்கு மனம் என்று ஒன்று இருக்கிறது என்ற செய்தி ஓர் ஆண்டு அவர்களை எட்டியது. உடனே இளைஞர் மனநலத்துக்கும் நிதி ஒதுக்கினார்கள். நிபந்தனை ஒன்றுதான்: பொருள் வாங்கலாம், ஆளுக்குச் சம்பளம் தரக் கூடாது. ஆக, உட்கார்ந்தால் ஆளை விழுங்கும் மூட்டை நாற்காலிகள் வந்தன. சுவரில் பட்டாம்பூச்சி வந்தது. லாவெண்டர் புகை விடும் சின்ன மெஷின் ஒன்றும் வந்தது. பேசுவதற்கு ஆள் வேண்டுமே என்று சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. நான் ஏற்கெனவே அரைச் சம்பளத்தில் அங்கே உட்கார்ந்திருந்ததால், என்னையும் அறையோடு வந்த சாமான் என்று நினைத்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பெண் வந்தாள். பி.யூ.சி. இரண்டாம் வருஷம், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு. அம்மா ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங், அப்பா பெயின்டர். பரீட்சை நெருங்க நெருங்க மூச்சு முட்டுகிறது என்று அம்மா டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார். நுரையீரல், இதயம் எல்லாம் சரியாக இருந்ததால் டாக்டர் அவளை என் அறைக்கு அனுப்பினார்.

வந்ததும், “கதவைச் சாத்திக்கலாமா மிஸ்?” என்று கேட்டாள். சாத்தினேன். அதன்பின் ஒரு வார்த்தை பேசவில்லை. நேரம் முடிந்ததும் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த வாரமும் அப்படியே. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். ஒரே அறை வீடு, ஐந்து பேர், எந்நேரமும் டி.வி. கண் கலங்கினால்கூட என்ன, ஏது என்று எல்லோரும் சூழ்ந்துகொள்வார்கள். பொதுக் கழிவறைக்குப் போனால் வெளியே வரிசை, கதவைத் தட்டுவார்கள். முதல் முதலில் அங்கேதான் மூச்சு முட்டியதாம். நான் சில மூச்சுப் பயிற்சிகள் கற்றுக் கொடுத்தேன். சில மாதங்களில் முட்டல் குறைந்தது.

அப்போது சங்கத் தலைவர் அறையைப் பார்வையிட வந்தார். கதவு, ஜன்னல்களுக்கான கண்ணாடி விற்கும் வியாபாரி. பட்டாம்பூச்சியைப் பார்த்து மகிழ்ந்தார். மரக்கதவைப் பார்த்து முகம் சுளித்தார். உள்ளே நடக்கும் நல்ல காரியம் வெளியே தெரிய வேண்டாமா, தன் கடையிலிருந்தே கண்ணாடிக் கதவு போட்டுத் தருகிறேன் என்றார். இங்கே பேசுவது ரகசியமாக இருக்க வேண்டும் என்றேன். சின்னப் பிள்ளைகளுக்கு என்ன ரகசியம் என்று சிரித்தார். அவர் போனதும் எங்கள் நிர்வாகி என்னைத் தனியே அழைத்தார். கதவுக்காகச் சண்டை போட்டால் கண் பரிசோதனையும் மாத்திரையும் சேர்ந்தே போய்விடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

அறையின் திறப்பு விழாவில் ‘பயன் பெற்ற பிள்ளை’ ஒருவர் பேச வேண்டும் என்று சங்கத்தில் கேட்டார்கள். முடியாது என்றேன். கதவை மாற்றப்போவதும் பேச ஆள் தேடுவதும் அவள் காதுக்கு எப்படியோ எட்டிவிட்டன. தானே வந்து பேசுகிறேன் என்றாள். மைக்கில் சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது, அவசியமும் இல்லை என்று அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் எடுத்துச் சொன்னேன். “தெரியும் மிஸ். எனக்கு ஒண்ணு கேக்கணும்,” என்றாள்.

மேடையில் கன்னடத்தில் எல்லோருக்கும் முறையாக வணக்கம் சொன்னாள். பிறகு அங்கே எல்லோருக்கும் புரியும் தமிழுக்கு மாறினாள்.

“எங்க வீட்டுல தனியா ஒரு ரூம் கிடையாது. அழணும்னாகூட எல்லார் முன்னாடியும்தான் அழணும். இங்க கதவைச் சாத்திக்கலாம்னுதான் வந்தேன். அதைக் கழட்டிடாதீங்க.”

இறங்கிவிட்டாள். அரங்கமே கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படிப்பட்ட பிள்ளைகளின் தைரியத்தை உலகமே பார்க்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை கண்ணாடிக் கதவு வந்துவிட்டது.

அந்த வாரம் அவள் வந்து கதவுக்கு வெளியே நின்றாள். ஊசி போட்டுக்கொள்ள வந்த குழந்தைகளும் தாய்மார்களும் என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அப்புறம் வரேன் மிஸ்,” என்று போனவள் பிறகு வரவில்லை. மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். லாவெண்டரை நான் மட்டும் முகர்ந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் ஸ்டோரில் பஞ்சு தேடும்போது விழா பேனர் கிடைத்தது. சங்கத்தின் பெயர் கொட்டை எழுத்தில், கீழே தலைவர் கைகூப்பி ஆளுயரத்தில். நர்ஸும் நானும் அதைக் கண்ணாடியில் விரித்து ஒட்டினோம். மேலிருந்து கீழ்வரை இடுக்கில்லாமல் மறைத்தது. நிர்வாகி வந்து பார்த்தார். இந்த டேப் தாங்காது என்று மட்டும் சொல்லிவிட்டு, கடைக்குப் போய் நல்ல டேப்பாக வாங்கி வந்தார்.

அடுத்த முறை வந்தபோது தலைவர் நெகிழ்ந்துபோனார். எங்கும் தனக்கு இப்படி மரியாதை செய்ததில்லை என்றார். கதவின் முன் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். இதை எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். கண்டிப்பாக எடுக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தேன். அந்தச் சங்கத்துக்கு நான் மனதாரக் கொடுத்த ஒரே வாக்கு.

அவள் அம்மா மூலம் சொல்லி அனுப்பியதும் வந்தாள். பேனரை மேலும் கீழும் பார்த்தாள். உள்ளே வந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

மறு ஆண்டு சங்கத்தின் அக்கறை ஏரிகளைச் சுத்தம் செய்யும் பக்கம் திரும்பிவிட்டது. கண் பரிசோதனைக்கு நிர்வாகி வேறு இடங்களில் அலைந்து ஏற்பாடு செய்தார். அவள் பரீட்சையில் தேறி, இப்போது பொம்மனஹள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படிக்கிறாள். மூச்சு எப்போதாவது முட்டுகிறதாம், சமாளிக்கிறாளாம். போன மாதம் தன் தங்கையைக் கூட்டி வந்தாள். தங்கைக்குத் தூக்கம் வருவதில்லை என்றாள். பேனர் இன்னும் மறைத்திருக்கும் கதவுக்குள் தங்கையை மட்டும் அனுப்பிவிட்டு, வெளியே பெஞ்சில் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.